எஞ்சின் போச்சு என்று சொல்வதற்கு முன் ஹெட்டைக் கழற்றிக் காட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோடையில் வண்டியை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று உங்கள் நாளிதழில் ஒரு துணுக்கு வந்திருந்தது. டயர் காற்று, பேட்டரி, ஏசி எல்லாம் சொல்லியிருந்தீர்கள், சரி. எஞ்சின் கொதித்து நின்றுபோனால் அப்புறம் என்ன செய்வது என்று ஒரு வரிகூட இல்லை. வேலூர் மாவட்டத்தில் அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கம் டீசல் ஜீப்பை வைத்துப் பிழைக்கிறவர்களுக்கு அதுதான் பெரிய கேள்வி, அதனால்தான் எழுதுகிறேன்.

என்னுடையது பழைய டீசல் ஜீப், ஃபோர் வீல் டிரைவ், டிஎன் 23 பதிவு. ஒடுகத்தூரிலிருந்து பீஞ்சமந்தை மலைக்கு சிமெண்டும் மளிகையும் ஏற்றிக்கொண்டு போவேன், இறங்கும்போது புளியோ சாமையோ எது கிடைக்கிறதோ அது. 2023 மே மாதம் அல்லேரி மலையில் பாம்பு கடித்த குழந்தையை ரோடு இல்லாமல் பறிகொடுத்த தாய், அந்த உடலைத் தூக்கிக்கொண்டு மலையேறி நடந்ததை எல்லாரும் பார்த்தோம். இந்த மலைகளில் ஜீப்தான் லாரி, ஜீப்தான் பஸ், ராத்திரியில் ஒரு பெண்ணுக்கு வலி எடுத்தால் ஆம்புலன்ஸும் அதுதான். அது மூன்று வாரம் ஷெட்டில் நின்றால் என்ன ஆகும் என்று மலையில் இருக்கிறவர்களைக் கேளுங்கள்.

போன அக்னி நட்சத்திரத்தில் இருபது மூட்டை சிமெண்டோடு ஏறிக்கொண்டிருந்தேன். லோ கியரில் போகும்போது எஞ்சின் கத்துகிற அளவுக்கு வண்டி நகராது, முன்னால் காற்றும் அடிக்காது, ரேடியேட்டருக்கு ஃபேன் இழுக்கிற காற்று மட்டும்தான். முள் சிவப்புக்கு ஏறியது, பார்த்தேன், இன்னும் ஒரே ஒரு வளைவுதானே என்று மிதித்தேன். அந்த வளைவு முடிவதற்குள் முள் தானாகவே கீழே இறங்கிவிட்டது. அப்பாடா என்று நினைத்தேன், அதுதான் நான் செய்த பெரிய தப்பு. சூடு காட்டுகிற சென்சார் தண்ணீருக்குள் இருந்தால்தான் சரியாகக் காட்டும். தண்ணீர் முழுக்க ஆவியாகிப் போய்விட்டால் முள் இறங்கத்தான் செய்யும். சிவப்பில் இருந்த முள் காரணமில்லாமல் இறங்கினால் உடனே எஞ்சினை அணைத்துவிட வேண்டும். தண்ணீர் குறையாமல் சூடு மட்டும் ஏறியிருந்தால் அது வேறு, பாரத்தை விட்டு ஓரமாக நிறுத்தி, கொஞ்ச நேரம் எஞ்சினை ஓடவிட்டே ஆற்றலாம். என் விஷயத்தில் இன்னொன்றும் நடந்தது, கூட வந்த தம்பி அவசரத்தில் கேனிலிருந்த பச்சைத் தண்ணீரை அப்படியே ஊற்றிவிட்டான். கொதிக்கிற இரும்பில் பச்சைத் தண்ணீர் பட்டால் விரிசல் விடும். அந்தப் பையனைச் சொல்லிக் குற்றமில்லை, அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

கீழே கட்டி இழுத்து வந்து, பெங்களூர் ரோட்டில் ஒரு பட்டறையில் விட்டேன். பானட்டைத் திறந்தார்கள், ஆயில் ஸ்டிக்கை இழுத்தார்கள், பால் கலந்த காபி மாதிரி இருந்தது. உடனே சொல்லிவிட்டார்கள்: "எஞ்சின் முடிஞ்சுதுண்ணே, சென்னை புதுப்பேட்டையிலேர்ந்து செகண்ட்ஸ் எஞ்சின் இறக்கிடலாம், ஒண்ணு நாப்பது ஆகும்." ஒரு போல்ட்கூடக் கழற்றவில்லை. ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது என்பதற்கு அர்த்தம் எங்கேயோ வழி விட்டிருக்கிறது என்பதுதான். அது ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கிற கேஸ்கெட்டாக இருக்கலாம், எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டில் விரிசலாக இருக்கலாம், சிலிண்டர்கள் இருக்கிற அடிப்பகுதியான பிளாக்கே போயிருக்கலாம். முதல் வகைக்கும் கடைசி வகைக்கும் ஒரு லட்ச ரூபாய் வித்தியாசம், அதைக் கழற்றாமலே எப்படிச் சொல்ல முடியும்?

வண்டியை எடுத்துக்கொண்டு எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு பழைய மெக்கானிக்கிடம் போனேன். அவர் ஹெட்டைக் கழற்றி, துடைத்து, நேராக ஒரு எஃகுப் பட்டையை அதன்மேல் வைத்து, அடியில் இடைவெளி அளக்கிற மெல்லிய ஃபீலர் கேஜ் தகட்டை விட்டுப் பார்த்தார். பெரும்பாலான எஞ்சின்களில் இந்த இடைவெளி 0.05 மில்லிமீட்டரிலிருந்து 0.1 வரைதான் பொறுக்கும். எங்கள் ஹெட்டில் இரண்டாம் சிலிண்டருக்கும் மூன்றாவதற்கும் நடுவில் 0.25 தகடு இழுபறி இல்லாமல் போய்வந்தது. "தம்பி, நீயே விட்டுப் பாரு" என்று தகட்டை என் கையில் கொடுத்தார். கேஸ்கெட்டும் சரியாக அதே இடத்தில்தான் கருகிப் பிளந்திருந்தது.

அடுத்து லேத் பட்டறை. அங்கே ஹெட்டின் தண்ணீர் வழிகளை எல்லாம் தகடு வைத்து அடைத்து, உள்ளே காற்றேற்றி, வெந்நீர்த் தொட்டியில் இறக்கினார்கள். விரிசல் இருந்தால் குமிழி வரும். கால் மணி நேரம் மூன்று பேர் அந்தத் தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றோம். ஒரு குமிழிகூட வரவில்லை. எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

டீசல் எஞ்சினில் வளைந்த ஹெட்டைச் சமமாக்க இஷ்டத்துக்குச் சீவ, அதாவது ஃபேஸ் அடிக்க, முடியாது, பிஸ்டன் மேலே வரும்போது ஹெட்டுக்கும் அதற்கும் இடைவெளி மிகக் குறைவு. அதனால்தான் நிறைய டீசல் எஞ்சின்களுக்கு கேஸ்கெட்டே இரண்டு மூன்று கனத்தில் வருகிறது, ஓரத்தில் இருக்கிற ஓட்டைகளையோ வெட்டுகளையோ எண்ணி வாங்க வேண்டும். கடைக்காரர் கொடுத்ததை மாட்டுகிறவர்கள் பிறகு வால்வு இடிக்கிறது என்று வருவார்கள். மூன்றாவது பிஸ்டன், சிலிண்டரின் உள்குழாயான லைனரைக் கீறியிருந்ததால் அந்த லைனரும் பிஸ்டனும் புதிது, மற்றதற்கு ரிங் செட், பேரிங் எல்லாம் புதிது. பிஸ்டன்கள் சுழற்றுகிற தண்டான கிராங்கை மைக்ரோமீட்டர் வைத்து அளந்தார், தேய்மானம் இல்லை, அதனால் அதை கிரைண்டிங்குக்கு அனுப்பவில்லை. மொத்தம் ஐம்பதாயிரத்துக்குள் முடிந்தது.

எஞ்சின் மாற்றுவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. பிளாக் வெடித்திருந்தால், கிராங்க் கிரைண்டிங்கில் குறைக்கக்கூடிய கடைசி அளவையும் தாண்டித் தேய்ந்திருந்தால், மாற்றத்தான் வேண்டும். ஆனால் அப்படி மாற்றினால் ஆர்சி புத்தகத்தில் இருக்கிற எஞ்சின் நம்பரும் மாறியாக வேண்டும். 1988ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவில் இது இருக்கிறது, முன் அனுமதி இல்லாமல் எஞ்சினை மாற்றியிருந்தால் 14 நாளுக்குள் ஆர்டிஓ அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும். பில் இல்லாத எஞ்சினை மாட்டிக்கொண்டு மலையில் ஒரு விபத்து என்றால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் கேட்பது அந்த நம்பரைத்தான். அந்த முதல் பட்டறையில் இதை எனக்கு யாரும் சொல்லவில்லை.

அப்புறம் கொதித்ததற்கான காரணம். அதைச் சரிசெய்யாமல் எந்த எஞ்சினை வைத்தாலும் அடுத்த கோடையில் அதுவும் போகும். ரேடியேட்டரின் மேல் தொட்டியைப் பிரித்ததும் வருடக்கணக்கில் வெந்நீர் வைத்த அண்டாவின் அடி மாதிரி வெள்ளையாகக் காரை ஏறியிருந்தது, பாதிக் குழாய்களில் ஊசிகூட இறங்கவில்லை. ஆறு வருடமாக நான் ஊற்றியது போர்த் தண்ணீர். தோல் தொழிற்சாலைக் கழிவால் கெட்டுப்போன பாலாற்றுப் படுகைத் தண்ணீருக்காக உச்ச நீதிமன்றம் வரை வழக்குப் போய் 1996இல் தீர்ப்பு வந்த மாவட்டம் இது. குடிக்க யோசிக்கிற தண்ணீரை எஞ்சினுக்கு மட்டும் யோசிக்காமல் ஊற்றுகிறோம். கூலன்டும் உப்பு நீக்கிய தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றினால் காரையும் பிடிக்காது, கொதிநிலையும் ஏறும். ரேடியேட்டர் மூடியில் இருக்கிற ஸ்பிரிங் அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் உள்ளே இருப்பது 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. அந்த மூடியின் ரப்பர் பிய்ந்திருந்தாலும் துணியைச் சுற்றி ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம்.

இன்னொன்று, எஞ்சின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கிற தெர்மோஸ்டாட்டே எங்கள் வண்டியில் இல்லை. "நம்ம ஊர் வெயிலுக்கு அது எதுக்கு" என்று யாரோ எப்போதோ கழற்றி எறிந்திருக்கிறார்கள். அது இல்லாவிட்டால் சமதளத்தில் எஞ்சின் தேவையான சூட்டுக்கே வராமல் தேய்கிறது. சில எஞ்சின்களில் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் பைபாஸ் வழியிலேயே சுற்றி, பாரம் ஏறும்போது இன்னும் அதிகமாகக் கொதிக்கிறது.

உங்கள் மூலமாக நான் கேட்பது இவ்வளவுதான். எஞ்சின் வேலை பார்க்கிற பட்டறைகள் ஹெட் எவ்வளவு வளைந்திருக்கிறது, லைனர் என்ன அளவு, கிராங்க் என்ன அளவு என்று ஒரு தாளில் எழுதிக் கொடுக்கட்டும், கழற்றிய பழைய சாமானைத் திருப்பித் தரட்டும். ஐடிஐகளில் மெக்கானிக் டீசல் என்று தனிப் பிரிவே இருக்கிறது, அங்கே மாணவர்களை வைத்து, ஒரு சிறு கட்டணத்துக்கு, வெளி வண்டிகளின் ஹெட்டை அளந்து சொல்ல ஏற்பாடு செய்தால் எங்களுக்கும் உதவி, பிள்ளைகளுக்கும் பழக்கம். ஆர்டிஓ அலுவலகத்தில் எஞ்சின் மாற்றத்துக்கு என்னென்ன காகிதம் வேண்டும் என்று தமிழில் ஒரு பலகை வைக்கட்டும்.

ஜூன் கடைசியிலிருந்து வண்டி மறுபடி பீஞ்சமந்தைக்கு ஏறுகிறது. நான் முன்பு மிதித்த அந்த வளைவுக்கு முன்னால் இப்போது ஒரு புளியமரத்தடியில் நிறுத்தி, முள்ளைப் பார்த்துவிட்டுத்தான் போகிறேன்.

இப்படிக்கு,
ஒரு ஜீப் உரிமையாளர்,
ஒடுகத்தூர், வேலூர் மாவட்டம்