கீபோர்டைத் தொடாத மிஸ்

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்பின் வசந்தி,

உன் கடிதம் கிடைத்து ஒரு கிழமையாகிறது. கடையில் கணக்கு முடிக்கும் நாட்கள், அதனால்தான் பதில் பிந்திவிட்டது. அம்மாவுக்கு முழங்கால் நோ குறைந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய், ஆறுதலாக இருந்தது. கோண்டாவில் வீட்டுக் கிணற்றடி மாமரம் காய்த்துக் கொட்டுகிறது என்ற வரியை வாசித்ததும் இங்கே எனக்கு வாய் ஊறியது.

மகளைப் பற்றி நீ எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். உயர்தரத்தில் மூன்று பாடமும் சித்தியடைந்தும் பல்கலைக்கழக வெட்டுப்புள்ளி கொஞ்சத்தில் தவறிவிட்டது என்றால் பிள்ளை எப்படித் தாங்கும்? அறையை விட்டு வெளியே வராமல் இருந்தவள் இப்போது பிஐடி படிக்கப் போகிறேன் என்று தானே சொல்லியிருக்கிறாள் என்றால், அவளுக்குள் இன்னும் விருப்பம் இருக்கிறது. அதைப் பிடித்துக்கொள். கொழும்புப் பல்கலைக்கழகம் 2000ஆம் ஆண்டிலிருந்து நடத்துகிற தகவல் தொழில்நுட்ப வெளிவாரிப் பட்டம் அது. வெளிவாரி என்றால் பிள்ளை தானாகத்தான் படிக்க வேண்டும், பரீட்சையும் ஆங்கிலத்தில். தமிழில் உயர்தரம் எடுத்த பிள்ளைக்கு முதல் ஆறு மாதமும் கடினமாகத்தான் இருக்கும். "கோடிங் சொல்லிக்கொடுக்க நல்ல ஆள் ஒருவரைப் பார்த்துச் சொல்லு" என்று நீ கேட்டது சரியான நேரத்தில்தான்.

உனக்கு நான் இதுவரை சொல்லாத ஒன்று இருக்கிறது. நானும் ஒன்றரை வருடமாகப் புரோகிராம் எழுதப் படிக்கிறேன். முடிகிறதா என்று பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். கடையில் தவணைக்குச் சேலை எடுப்பவர்களின் கணக்கு எல்லாம் கொப்பியில்தான். கல்யாண வீட்டுக்காரர் பத்துப் பன்னிரண்டு சேலை எடுப்பார்கள், நான்கைந்து மாதத்தில் கட்டி முடிப்பார்கள். இடையில் ஒன்றைத் திருப்பிக் கொடுப்பார்கள், வேறொன்று எடுப்பார்கள். பதினேழு வருடமாக இதைக் கையால் எழுதிக் கூட்டிக் கழிக்கிறேன். நமக்கு ஏற்றபடி ஒரு புரோகிராம் செய்து தர வெளியில் கேட்ட காசு முதலாளிக்குக் கட்டுப்படியாகவில்லை. அப்போதுதான் நானே படித்தால் என்ன என்று தோன்றியது.

முதலில் போனது ஒரு டியூட்டரிக்கு. ஒரு மண்டபத்தில் எழுபது பேர், முன்னால் திரை. சேர் நன்றாகத்தான் படிப்பித்தார். ஆனால் என் திரையில் சிவப்பு எழுத்தில் ஒரு எரர் வந்தால் யாரைக் கேட்பது? கையைத் தூக்கினால் "பிறகு பார்ப்போம்" என்பார். அந்தப் பிறகு வரவே இல்லை. ஒரு மாதத்தோடு நின்றுவிட்டேன்.

அடுத்தது வீட்டுக்கு வந்து படிப்பித்த ஒருவர். கெட்டிக்காரர், அதில் சந்தேகமே இல்லை. நான் எங்காவது தடுமாறினால் உடனே லப்டொப்பைத் தன் பக்கம் இழுத்து, விறுவிறென்று அடித்து, "இப்ப வேலை செய்யுது, பாருங்கோ" என்பார். வேலை செய்யும்தான். அவர் போன பிறகு அதே விஷயத்தை நான் எழுதப் போனால் முதல் வரிக்கே கை வராது. மூன்றாவது மாதம் ஒருநாள், "அக்கா, இது எல்லாருக்கும் சரிவராது" என்றார். அன்று இரவு நான் அழுதேன், வசந்தி. நாற்பத்தைந்து வயதில் ஏன் இந்த வேலை என்று லப்டொப்பை அலுமாரியில் வைத்துப் பூட்டியும் விட்டேன்.

இதை எழுதுவதற்குக் காரணம் மகள்தான். வெட்டுப்புள்ளியில் அடிபட்டு வருகிற பிள்ளையிடம் இன்னொருவர் அப்படி ஒரு வார்த்தை சொல்லிவிடக்கூடாது. நாற்பத்தைந்து வயதில் எனக்கே அப்படி இருந்தது, பத்தொன்பது வயதில் எப்படி இருக்கும்?

இப்போது படிப்பிக்கிற மிஸ், கடைக்கு வரும் ஒரு வாடிக்கையாளரின் தங்கை. ஹற்றன் பக்கம் சொந்த ஊர், தெமட்டகொடையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை, வயது முப்பதுக்குள்தான். காசு பற்றிக் கதைப்பதற்கு முதலே, "ஒரு மணித்தியாலம் இருந்து பார்ப்போம், உங்களுக்கும் எனக்கும் ஒத்துவந்தால் தொடருவோம்" என்றார். அந்த முதல் மணித்தியாலம் லப்டொப்பைத் திறக்கவே இல்லை. தவணைக் கொப்பியைக் கொண்டுவரச் சொன்னார். ஒருவர் கடனுக்குச் சேலை எடுத்தால் முதலில் என்ன செய்வேன், பிறகு என்ன செய்வேன் என்று ஒவ்வொன்றாகத் தாளில் எழுதச் சொன்னார். எழுதி முடித்ததும் வாசித்துப் பார்த்துவிட்டு, "திருப்பிக் கொடுத்த சேலை எங்கே போகும்?" என்று மட்டும் கேட்டார். அதை நான் எழுதவே இல்லை. கொப்பியில் அதற்கு நான் சிவப்புப் பேனையால் ஒரு கோடு போடுவேன், அவ்வளவுதான். அந்தக் கோட்டைக் கணினிக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே அன்று வீட்டுக்கு வந்தேன். இரவு சமைக்கும்போதும் அதே யோசனை. அலுமாரியைத் திறந்து லப்டொப்பை வெளியில் எடுத்தேன்.

இன்னொரு நாளைப் பற்றிக் கட்டாயம் எழுத வேண்டும். ஐந்தாவது மாதம் என்று நினைக்கிறேன். புரோகிராம் ஓரளவு ஓடத் தொடங்கியிருந்தது. காசு முழுக்கக் கட்டி முடித்தவர்களின் பெயர் கடன் பட்டியலில் இருந்து தானாகப் போக வேண்டும். ஆனால் ஒரு அம்மாவின் பெயர் போகவில்லை. கடைசிச் சதம் வரை கட்டி முடித்தவர். அவரிடம் போய் மீதி இருக்கிறது என்று கேட்டால் கடையின் மானம் என்னாவது? எழுதிய வரிகளைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன், பிழை பிடிபடவில்லை.

சனிக்கிழமை பின்நேரம், மழை. மரைன் டிரைவ் பக்கத்து ஜன்னலைச் சாத்திவிட்டு இருந்தோம், ரயில் போகும்போது மேசை அதிர்ந்தது. மிஸ் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். "அந்த அம்மாவின் மீதி எவ்வளவு என்று கணினியையே கேட்டுப் பாருங்கள் அக்கா" என்றார். கேட்டேன். பூச்சியம் வரவில்லை. தசமப் புள்ளிக்குப் பின்னால் பன்னிரண்டு பூச்சியங்கள், அதற்குப் பிறகு ஒரு 9. சதத்தில் கோடியில் ஒரு பங்குகூட இல்லாத ஒரு மீதி! "சரி, 0.1உம் 0.2உம் கூட்டினால் எவ்வளவு?" என்றார். 0.3 என்றேன். நான் புரோகிராம் எழுதுகிற பைதன் மொழியில் அடித்துப் பார்க்கச் சொன்னார். 0.30000000000000004 என்று வந்தது. கணக்கெழுதியே வாழ்ந்தவள் நான், எனக்கு உடம்பு சில்லிட்டுப் போனது.

அவர் விளக்கம் சொல்லவில்லை. ஒரு பழைய பில்லின் பின்பக்கத்தைத் தந்து, ஒன்றை மூன்றால் பிரித்துத் தசமத்தில் எழுதச் சொன்னார். 0.3333 என்று எழுதிக்கொண்டே போனேன். "எப்ப முடியும்?" என்றார். முடியாதே என்றேன். அப்போதுதான் சொன்னார்: நாம் பத்துப் பத்தாக எண்ணுகிறோம், கணினி இரண்டிரண்டாக எண்ணுகிறது. நமக்கு மூன்றில் ஒன்று முடியாமல் நீளுவது மாதிரி, அதற்குப் பத்தில் ஒன்று முடியாமல் நீளும். எங்கேயோ ஓரிடத்தில் வெட்டி நிறுத்துகிறது, அந்த வெட்டியதுதான் மீதியாக வந்து நிற்கிறது. அவ்வளவும் சொல்லிவிட்டு, "அப்ப கடைக்கு என்ன செய்யலாம்?" என்று கேட்டுவிட்டு இருந்துவிட்டார்.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் தெரியுமா? இருபது நிமிடம் இருக்கும். எனக்கு அப்போது நம்முடைய கணக்கு மாஸ்டர்தான் நினைவுக்கு வந்தார். 94இல், கரண்ட் இல்லாத காலம், ஜாம் போத்தல் விளக்கைச் சுற்றி ஆறு பேர் இருப்போம். மண்ணெண்ணெய் என்ன விலை அப்போது! எண்ணெய் குறைந்துகொண்டு போகும், ஆனாலும் மனுசன் விடையைச் சொல்லமாட்டார். "யோசி பிள்ளை, எனக்கு அவசரமில்லை" என்பார். உனக்குத்தான் முதலில் விளங்கும், நீ எனக்குச் சொல்லாமல் வாயைக் கையால் பொத்திக்கொண்டு இருப்பாய். மிஸ் இருந்த இருப்பும் அப்படித்தான்.

கண் தற்செயலாகக் கணக்குக் கொப்பியில் விழுந்தது. ரூபாவுக்கு ஒரு நிரல், சதத்துக்கு ஒரு நிரல். பதினேழு வருடம் பார்த்த கோடு. "மிஸ், எல்லாவற்றையும் சதத்திலேயே எழுதினால் என்ன? அப்ப புள்ளியே வராதே" என்றேன். அந்தப் பிள்ளை மேசையில் தட்டிச் சிரித்தது. காசைக் கையாளும் புரோகிராம்களில் பெரிய நிறுவனங்களும் செய்கிற வழிகளில் அதுவும் ஒன்றாம். பிறகு தேத்தண்ணி குடிக்கும்போது இன்னொன்றும் சொன்னார். 1991 வளைகுடாப் போரில் வருகிற ஏவுகணையைத் தடுக்கிற ஒரு பேட்ரியட் தொகுதி, நேரத்தைப் பத்தில் ஒரு செக்கன் கணக்கில் எண்ணியதாம். இதே வெட்டுத்தான். நூறு மணித்தியாலம் நிறுத்தாமல் ஓடியதில் மூன்றில் ஒரு செக்கன் அளவு பிசகிவிட்டது. வந்த ஸ்கட் ஏவுகணையை அது தடுக்கவில்லை, 28 பேர் செத்துப்போனார்கள். ஷெல்லுக்குள் வளர்ந்த எனக்கு அதைக் கேட்டுக் கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை. அன்றிலிருந்து எண்களை வேறு மாதிரித்தான் பார்க்கிறேன்.

சரி, மகளின் விஷயத்துக்கு வருகிறேன். இலவசமாகப் படிக்க இன்றைக்கு எவ்வளவோ இருக்கிறது. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் சிஎஸ்50 என்ற கணினிப் பாடம் இணையத்தில் இருக்கிறது. மொறட்டுவைப் பல்கலைக்கழகமும் பைதன் பாடத்தைக் காசு வாங்காமல் தருகிறது. பாடத்துக்காக ஆள் தேட வேண்டாம். பிள்ளை தடக்கி நிற்கும்போது பக்கத்தில் இருக்கிறவராகப் பார். ஆகப் பெரிய கம்பனியில் வேலை, ஆறு கணினி மொழி தெரியும் என்பதையெல்லாம் பார்த்து மயங்காதே. முதல் வகுப்பில் கீபோர்டு யார் கையில் இருந்தது என்று மகளிடம் கேள். எனக்கு அது ஒன்றே போதும்.

மொழியையும் யோசி. எங்கள் மிஸ் எரரை முதலில் ஆங்கிலத்திலேயே சத்தமாக வாசிக்கச் சொல்வார், பிறகு அதற்கு என்ன அர்த்தம் என்று தமிழில் சொல்லச் சொல்வார். ஆரம்பத்தில் எனக்குக் கூச்சம். இப்போது எரர் வந்தால் கடைசி வரியில் இருந்து வாசித்துக்கொண்டு மேலே போகிறேன், பாதிப் பிழை அங்கேயே அகப்படுகிறது. பரீட்சை ஆங்கிலத்தில் எழுதப்போகிற பிள்ளைக்கு இது இரண்டு வேலை செய்யும்.

சாட்ஜிபிடியைப் பற்றியும் நீ கேட்டிருந்தாய், அதுவே எல்லாம் எழுதித் தருமே, ஆள் எதற்கு என்று. நானும் கேட்டேன். மிஸ் தடுக்கவில்லை. முதலில் நீங்களே எழுதுங்கள், பிழைத்தால் ஏன் பிழைத்தது என்று அதனிடம் கேளுங்கள், எழுதித் தா என்று கேட்காதீர்கள், விளங்கியதைக் கொப்பியில் உங்கள் சொல்லில் எழுதுங்கள் என்றார். அந்தக் கொப்பி எனக்கு இப்போது மூன்றாவது. மகளுக்கு ஒரு நல்ல கொப்பியாக வாங்கிக் கொடு. அப்புறம், பயிற்சியைத் தானே எழுதித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்த ஆள் வேண்டவே வேண்டாம், எவ்வளவு மலிவாக இருந்தாலும்.

மிஸ் ஒரு மணித்தியாலத்துக்கு 2,500 ரூபா வாங்குகிறார். கிழமைக்கு ஒரு தரம் போதும், மீதி நாள் பிள்ளை தானே தட்டிப் பார்க்க வேண்டும். சூமிலும் படிப்பிப்பார், ஆனால் முதல் இரண்டு மாதம் நேரே இருப்பது நல்லது என்பது என் எண்ணம். பிள்ளையின் முகத்தைப் பார்த்தால்தானே விளங்கியதா, விளங்கின மாதிரித் தலையாட்டுகிறாளா என்று தெரியும்.

நான் கதைத்துவிட்டேன். மிஸ்ஸுக்கு ஞாயிறு காலை பத்து மணி காலியாக இருக்கிறது. அடுத்த மாதம் முதல் ஞாயிறு ஒரு மணித்தியாலம் இருந்து பார்க்கட்டும், ஒத்துவரவில்லை என்றால் வேறு ஆள் பார்ப்போம், யாரும் மனத்தாங்கல் படமாட்டோம். போர்டிங் கிடைக்கும் வரை என்னோடு இருக்கலாம், இங்கே ஒரு அறை சும்மாதான் கிடக்கிறது.

சனி இரவுப் பஸ்ஸில் ஏற்றிவிடு. விடிய வெள்ளவத்தையில் இறங்குவாள், சந்தியில் நான் நிற்பேன். புது லப்டொப் வாங்க ஓடாதே, அண்ணனின் பழையது போதுமாம், மிஸ்ஸிடம் கேட்டுவிட்டேன். உங்கள் வீட்டில் வரவு செலவோ, தோட்டக் கணக்கோ, எழுதிய கொப்பி ஒன்று இருந்தால் அதையும் கையில் கொடுத்துவிடு. இடம் இருந்தால் நாலு மாங்காயும்.

அன்புடன்,
உன் ரஞ்சி