சைட்டாலஜிக்கு விடியற்காலைச் சிறுநீர் ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சிறுநீரில் ரத்தம் போனால் நம் பக்கத்தில் முதலில் வரும் பேச்சு ‘உடம்புச் சூடு’ என்பதுதான். பதநீரும் இளநீரும் குடிக்கிறோம். இரண்டு நாளில் சிவப்பு நின்றுவிடும். நல்ல பெயர் பதநீருக்குப் போய்விடும். சிறுநீர்ப்பையில் புற்றுக்கட்டி இருந்தாலும் ரத்தம் பெரும்பாலும் இப்படித்தான் வலியில்லாமல் வரும், தானாக நிற்கும், சில வாரமோ மாதமோ கழித்துத் திரும்ப வரும். இந்தப் புற்றுக்குப் பெரிய காரணம் புகைதான். அதனால் பீடி, சிகரெட் பழக்கம் உள்ள நடுவயதுக்காரருக்கு ஒரு தடவை ரத்தம் போனாலே யூராலஜி டாக்டரிடம் காட்டியாக வேண்டும். பீடித் தொழில் நடக்கும் முக்கூடல், ஆலங்குளம் பக்கம் இதை இன்னும் கொஞ்சம் உரக்கவே சொல்லலாம்.

அப்போது எழுதித் தரும் சோதனைகளில் ஒன்று யூரின் சைட்டாலஜி. சிறுநீரோடு உதிர்ந்து வரும் செல்களை ஸ்லைடில் சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது. பாப்பனிக்கோலாவும் மார்ஷலும் 1945-லேயே எழுதிய முறை, செலவும் குறைவு. ஆனால் சர்க்கரை, உப்பு பார்க்கக் கொடுப்பதுபோலவே இதற்கும் விடியற்காலை முதல் சிறுநீரைப் பிடித்துக் கொண்டுவருகிறார்கள். இதற்கு அது ஆகாது. ராத்திரி முழுக்கப் பையில் ஊறிய செல்கள் உப்பிச் சிதைந்திருக்கும். உருவம் அழிந்த செல்லைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது.

காலையில் எழுந்து முதல் சிறுநீரைக் கழித்துவிடுங்கள். பிறகு அரை லிட்டர் தண்ணீராவது குடித்து (தண்ணீரைக் குறைக்கச் சொல்லியிருந்தால் டாக்டரைக் கேட்டு), கொஞ்சம் நடந்துவிட்டு, இரண்டு மூன்று மணி நேரம் கழித்து வருவதைப் பிடிக்க வேண்டும். நடந்தால் செல்கள் கூடுதலாக உதிரும். பெண்கள் சுத்தம் செய்துகொண்டு, முதலில் வருவதை விட்டு நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும். மாதவிலக்கு நாட்களில் வேண்டாம். அளவு 30 மில்லிக்குக் குறையக் கூடாது, 50 முதல் 100 மில்லி இருந்தால் நல்லது. சின்னக் குப்பியில் அடியில் மட்டும் நிற்கிற ஐந்து மில்லியில் செல்லைத் தேடுவது வீண்வேலை. ஒரே நாளில் முடிக்காமல் மூன்று நாள் மூன்று தடவை கொடுத்தால் கண்டுபிடிக்கும் வாய்ப்பு கூடும்.

அடுத்த பகை நம் ஊர் வெயில். வள்ளியூரிலோ சங்கரன்கோவிலிலோ பிடித்த பாட்டிலைப் பையில் போட்டு, பஸ் மாறி, மத்தியானம் பாளையங்கோட்டையில் கொடுத்தால் வழியிலேயே செல்கள் கெட்டு, கிருமி பெருகியிருக்கும். முடிந்தால் லேபிலேயே பிடித்துக் கொடுங்கள். முடியாவிட்டால் ஐஸ் வைத்த டப்பாவில் கொண்டுவாருங்கள். ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டிலும் வைக்கலாம், ஃப்ரீசர் மட்டும் கூடாது, உறைந்தால் செல் வெடித்துவிடும். தாமதமாகும் என்று தெரிந்தால் லேபில் கேட்டு, சம அளவு 50 சதவீத ஆல்கஹால் சேர்க்கலாம். பயாப்சிக்கு, அதாவது சதைத்துண்டுச் சோதனைக்கு, ஊற்றும் ஃபார்மலினை இதில் ஊற்றினால் சாயம் சரியாக ஏறாது.

லேபிலும் தவறு நடக்கிறது. சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி, அடியில் படிந்ததை ஸ்லைடில் தடவியதும் ஈரம் காயுமுன் 95 சதவீத ஆல்கஹாலில் இறக்க வேண்டும். போன் பேசி முடிக்கும் நேரம் காய்ந்தால் போதும், உட்கரு உப்பி வெளிறிவிடும். உட்கருவின் அளவு, கருமை, ஓரத்தின் கோணல், இவற்றை வைத்துத்தான் தீர்ப்பே. யூரின் சைட்டாலஜி ரிப்போர்ட் எழுதுவதற்கான உலகப் பொது வழிகாட்டியான பாரிஸ் முறைப்படி தீவிர வகைப் புற்றுச் செல்லில் உட்கரு மட்டும் பத்தில் ஏழு பங்கோ அதற்கு மேலோ அடைத்திருக்கும்.

சோதனை எழுதும் டாக்டர்கள் சீட்டில் வயதை மட்டும் எழுதி அனுப்பாதீர்கள். கல் இருக்கிறதா, நீர்க்கடுப்பு உண்டா, குழாய் வழியாக எடுத்ததா, சிறுநீர்ப்பைப் புற்றுக்குத் தரும் பிசிஜி மருந்து பைக்குள் ஏற்றியிருக்கிறதா, நான்கையும் எழுத வேண்டும். ஒவ்வொன்றும் நல்ல செல்லையே கோணலாகக் காட்டும். கல் உரசி உதிர்ந்த செல் கொத்துகள் கட்டிச் செல் போலவே ஏமாற்றும். ரிப்போர்ட்டில் ‘அடிப்பிக்கல்’ (இயல்புக்கு மாறானது) என்று வந்தால் அது புற்று என்ற முடிவு அல்ல. சோதனையைத் திரும்பச் செய்யவோ மேற்கொண்டு பார்க்கவோ வேண்டும் என்று அர்த்தம்.

‘புற்றுச் செல் இல்லை’ என்ற ரிப்போர்ட்டைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு நிம்மதியாகிவிடுவதுதான் எங்களுக்குப் பெரிய கவலை. தீவிர வகையைத்தான் இந்தச் சோதனை நன்றாகப் பிடிக்கும். மெதுவாக வளரும் வகையின் செல்கள் நல்ல செல் போலவே இருப்பதால் பெரும்பாலும் தப்பிவிடும். ஆகவே ரத்தம் போனவர் சிஸ்டோஸ்கோப்பி (சிறுநீர்ப் பாதை வழியாகச் சின்னக் கேமராக் குழாயை விடுவது) செய்து பையை உள்ளே பார்த்தே தீர வேண்டும். அதே சமயம், சுவரோடு சுவராகப் பரவும் தட்டையான புற்று கேமராவின் கண்ணுக்குத் தப்பலாம். அங்கே சைட்டாலஜி கைகொடுக்கும். கட்டியை எடுத்த பின் அபாயம் கூடியவர்களுக்கு முதல் இரண்டு வருடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரண்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்வது அதனால்தான்.

மாவட்டத்து லேப்களுக்கு ஒரு வேண்டுகோள். வெறும் பாட்டிலை நீட்டாமல், எப்போது, எவ்வளவு, எப்படிப் பிடிக்க வேண்டும் என்று தமிழில் நாலு வரி அச்சடித்து அதோடு கொடுங்கள். பாட்டிலின் மேல் பெயருக்குக் கீழே, பிடித்த நேரத்தை எழுதவும் ஓர் இடம் விடுங்கள்.

இப்படிக்கு,
செல் ஆய்வகப் பணியாளர்கள்,
பாளையங்கோட்டை.