வீட்டில் ஒருவருக்கு மட்டும் மருந்து கொடுத்தால் சிரங்கு போகாது

ஆசிரியருக்கு வணக்கம்.

கொருக்குப்பேட்டையில் ஒரு மருந்துக்கடையில் பல வருஷமாக மருந்தாளுநராக இருக்கிறேன். மழை விட்டுக் கொஞ்சம் குளிர் தட்டியதும் எங்கள் கடைக்கு ஒரு கூட்டம் வரும். சத்தத்தைத் தாழ்த்திக்கொண்டு, "அரிப்புக்கு ஏதாவது ஆயின்மெண்ட் குடுங்க" என்பார்கள். பெரும்பாலும் சொறி சிரங்குதான். உயிரை எடுக்கிற நோய் இல்லை என்பதால் யாரும் இதைப் பற்றி எழுதுவதில்லை. ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2017-இலேயே இதைக் கவனிப்பாரற்ற வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்துவிட்டது. கவனிப்பாரற்றது என்பது எங்கள் பக்கத்துக்கு ரொம்பப் பொருத்தம்.

டாக்டர் வேலையை நான் பார்ப்பதில்லை. ஆனாலும் எப்போது அரிக்கிறது என்று கேட்காமல் இருக்க முடிவதில்லை. "பகல்ல அவ்வளவா தெரியல, படுத்தா பிச்சு எடுக்குது" என்றால் பாதி விடை கிடைத்த மாதிரி. வீட்டில் வேறு யாராவது சொறிகிறார்களா என்று கேட்டு, அதற்கும் ஆமாம் என்றால் கையை விரித்துக் காட்டச் சொல்வேன். விரலிடுக்கில், மணிக்கட்டின் உள்பக்கத்தில், சிறு சிறு பொரிகளுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு மெல்லிய கோடு வளைந்து போகும். சில மில்லிமீட்டர் நீளம்தான். சிரங்கை உண்டாக்கும் பெண் பூச்சி தோலின் மேலடுக்கைக் குடைந்து போகிற வழி அது. அரை மில்லிமீட்டர்கூட இல்லாத பூச்சி, தினம் இரண்டு மூன்று முட்டை அதற்குள்ளேயே இடுகிறது. எல்லோருக்கும் இந்தக் கோடு தெரியாது, சொறிந்து சொறிந்து அழித்திருப்பார்கள். அப்போது தொப்புளைச் சுற்றி, அக்குளில், இடுப்பில் துணி கட்டும் இடத்தில், பிட்டத்தில், மறைவிடத்தில் பொரி இருக்கிறதா என்று கேட்பேன். கைக்குழந்தைக்கு உள்ளங்கை, உள்ளங்கால், தலையில்கூட வரும். படர்தாமரை வட்டமாக, விளிம்பு தடித்து இருக்கும். வேர்க்குரு கழுத்திலும் முதுகிலும் வரும். இந்த மூன்றையும் ஒரே ட்யூபால் தீர்க்கப் பார்ப்பதுதான் எங்கள் ஊரில் நடக்கிற கூத்து.

அந்த ட்யூபைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாட்டிக் எல்லாம் கலந்த களிம்பு. பெயர்கூடத் தெரியாமல் பழைய ட்யூபைக் கொண்டுவந்து "இதே குடுங்க" என்பார்கள். பூசினால் இரண்டே நாளில் அரிப்பு அடங்கும், ஏனென்றால் ஸ்டீராய்டு அரிப்பை அமுக்கிவிடும். பூச்சி சாகாது, உள்ளே சௌகரியமாகப் பெருகும். பொரியின் தோற்றமும் மாறிவிடுவதால் பிறகு டாக்டரே பார்த்தாலும் கண்டுபிடிக்கத் திணறுவார். ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று 2018-இலேயே விதி வந்தது. என் தொழிலில் இருக்கிறவர்களுக்கு இது தெரியாததில்லை. தெரிந்தும் எடுத்துக் கொடுக்கிறார்கள், வேறென்ன சொல்ல.

சரி, சீட்டோடு சரியான மருந்து வாங்குகிறவர்களுக்காவது குணமாகிறதா என்றால், அங்கேதான் சிக்கல். ஒரு சுகாதார நிலையத்தில் எழுதிக் கொடுத்த சீட்டோடு ஒரு பெண் வந்தார். மகனுக்கு இந்தப் பூச்சியைக் கொல்லும் ஐந்து சதவீதப் பெர்மெத்ரின் க்ரீம், ஒரே ஒரு ட்யூப். ஒரே பாயில் படுக்கிற வீடு, கணவர், மாமியார், இன்னும் இரண்டு பிள்ளைகள். மற்றவர்களுக்கு என்று கேட்டேன். "அவங்களுக்குத்தான் அரிக்கலியே" என்றார்.

முதல் தடவை இந்தப் பூச்சி ஏறினால் அரிப்பு தெரிய நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அந்த ஒன்றரை மாதமும் அரிக்காத ஆள்தான் மற்றவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருப்பார். மகனுக்கு மட்டும் பூசினால் அவனுக்குக் குணமாகும், அப்புறம் அப்பாவிடமிருந்து திரும்ப ஏறும். இரண்டாம் தடவை ஒரு சில நாளிலேயே அரிப்பு வந்துவிடும், உடம்புக்கு ஏற்கெனவே பழக்கமாகிவிட்டதால். உடனே "அந்த மருந்து கேட்கல" என்று பேச்சு. மருந்தின் மேல் பழி போடுவது சுலபம். வீட்டில் இருக்கிற எல்லோரும், அரிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரே நாளில் பூசவேண்டும். ஒரு வாரம் கழித்து மறுபடி ஒருமுறை.

பூசும் விதத்தையும் யாரும் பொறுமையாகச் சொல்வதில்லை. பொரி இருக்கிற இடத்தில் மட்டும் தடவுகிறார்கள். கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை, விரலிடுக்கு, நகத்தடி, தொப்புள், தொடையிடுக்கு என்று ஓரிடம் விடாமல் பூசவேண்டும். பெரியவர் ஒருவருக்கு ஒரு தடவைக்கே 30 கிராம் வரை பிடிக்கும். எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் உடம்பில் இருக்கவேண்டும். பெண்கள் பூசிக்கொண்டு போய்ப் பாத்திரம் கழுவுகிறார்கள், கையில் இருந்ததெல்லாம் தண்ணீரோடு போய்விடுகிறது. வேலை முடித்துவிட்டுப் பூசுங்கள், நடுவில் கை கழுவினால் கைக்கு மறுபடி பூசுங்கள். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு நடுராத்திரியே கிளம்புகிறவர்கள் திரும்பி வந்து பகலில் தூங்கும்போது பூசலாம். எட்டு மணி நேரம்தான் கணக்கு, ராத்திரிதான் என்று இல்லை. கர்ப்பிணிகளும் பச்சைக்குழந்தைகளும் டாக்டரைக் கேட்காமல் எதையும் பூசவேண்டாம். ஐவர்மெக்டின் மாத்திரையும் இருக்கிறது, ஆனால் எடை பார்த்துத்தான் கொடுப்பார்கள். கர்ப்பிணிக்கும் 15 கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்கும் வழக்கமாகக் கொடுப்பதில்லை.

அடுத்து துணி. மனித உடம்பை விட்டால் இந்தப் பூச்சி இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது. அதனால் வீட்டையே கழுவிவிடவேண்டிய அவசியம் இல்லை. மருந்து போடுவதற்கு முந்தைய மூன்று நாளில் உடுத்தியதையும் விரித்ததையும் வெந்நீரில் துவைத்து வெயிலில் போட்டால் போதும். துவைக்க முடியாத தலையணை, மெத்தையை பெரிய பாலிதீன் பையில் கட்டி ஒரு வாரம் ஓரமாக வைக்கலாம். எங்கள் தெருக்களில் தண்ணீர் எப்போது வரும் என்பது பெரிய கேள்வி. அதனால் லாரி வருகிற நாளுக்கு முந்தின ராத்திரி பூசச் சொல்கிறேன். காலையில் குளிக்கவும் துவைக்கவும் தண்ணீர் இருக்கும்.

பூசியும் அரிப்பு நிற்கவில்லையே என்று மூன்றாம் நாளே வந்து நிற்பார்கள். செத்த பூச்சியும் அதன் கழிவும் தோலுக்குள் இருக்கிறவரை அரிக்கும், இரண்டு முதல் நாலு வாரம்கூட ஆகலாம். அதற்காகத் தினமும் பூசினால் தோல் எரிச்சலாகி இன்னும் அரிக்கும். கிருமிநாசினியை ஊற்றிக் குளிப்பதும் அப்படித்தான். கருவாட்டையும் கத்திரிக்காயையும் நிறுத்துவதால் பூச்சிக்கு ஒன்றும் ஆகாது, பாவம் வாய்க்குத்தான் தண்டனை. தெருநாயையும் திட்டவேண்டாம். நாய்ச்சொறிப் பூச்சி வேறு, அது மனித உடம்பில் குடும்பம் நடத்தாது.

குழந்தைக்குப் புண் சீழ் பிடித்தால் மட்டும் தள்ளிப்போடாதீர்கள். சீழ் வைக்கும் அந்தக் கிருமியின் விளைவாகச் சில குழந்தைகளுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்படும். காலையில் முகம் வீங்கியிருந்தாலோ சிறுநீர் கறுத்த டீ நிறத்தில் போனாலோ அன்றே ஸ்டான்லிக்கோ எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கோ கொண்டுபோங்கள்.

மாநகராட்சிக்கும் சுகாதாரத் துறைக்கும் நான் கேட்பது இதுதான். சிரங்கு என்று சீட்டில் எழுதினால், வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டு எல்லோருக்கும், இரண்டு தடவைக்கும் சேர்த்து மருந்தை அதே சீட்டில் கொடுக்கவேண்டும். வெளியில் வாங்கினால் ஐந்து பேர் வீட்டுக்கு ஒரு நாள் கூலி போய்விடும், அதனால்தான் ஒரு ட்யூபை வாங்கி எல்லோரும் தொட்டுத் தடவிக்கொள்கிறார்கள். பால்வாடியிலும் பள்ளியிலும் ஒரு பிள்ளைக்குக் கண்டால், ஓரத்தில் உட்கார வைக்காமல் வீட்டாரைக் கூப்பிட்டுச் சொல்லவேண்டும். முறையாக மருந்து பூசிக் குளித்த மறுநாளே அந்தப் பிள்ளை வகுப்புக்கு வரலாம்.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநர்,
கொருக்குப்பேட்டை, சென்னை.