வெட்டும் சத்தம்

அம்மாடி,

நீ ஓவனில் தோலோடு சுட்ட பன்றிக் கறியின் படத்தைப் பார்த்ததும் நாக்கில் எச்சில் ஊறிவிட்டது. தோல் முழுக்கத் தேன் நிறம், ஓரமெல்லாம் பளபளவென்று. உன் அம்மாவிடம் போனை நீட்டி, "பார், யார் பிள்ளை!" என்று பீற்றிக்கொண்டேன். ஐந்து நிமிடத்தில் உன் குரல் பதிவு வந்து சேர்ந்தது: "அப்பா, கறி நல்லா இருக்கு. தோல்தான் செருப்பு மாதிரி இருக்கு, கடிச்சா இழுக்குது." உன் அம்மா என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது.

போனில் சொன்னால் பாதியை மறந்துவிடுவாய், மீதியை நான் மறந்துவிடுவேன். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில், நீ என்ன செய்தாய் என்று நான் ஊகிக்கிறேன். கறியைக் குழாயடியில் நன்றாகக் கழுவினாய். பூண்டு, மிளகு, சோயா சாஸ், தேன் எல்லாம் கலந்து மேலும் கீழும் தடவினாய். ட்ரேயில் வைத்து, காய்ந்துவிடுமோ என்று பயந்து மேலே ஃபாயில் போட்டு மூடினாய். கடைசியில் ஃபாயிலை எடுத்துவிட்டு நிறம் வரும்வரை விட்டாய். சரிதானே? எப்படித் தெரியும் என்று கேட்காதே. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன்.

அந்த நிறம் தோலுடையது அல்ல, தேனுடையது. சர்க்கரை சீக்கிரம் சிவந்துவிடும். அதன் அடியில் தோல் இன்னும் வெந்துகொண்டுதான் இருக்கும். இந்தச் சமையலில் கண் நம்மை ஏமாற்றும். அதை மட்டும் நம்பி ஓவனை அணைத்துவிடக் கூடாது.

பன்றித் தோலில் பெரும்பகுதி இரண்டே பொருள்தான். ஒன்று தண்ணீர், இன்னொன்று கொலாஜன் என்கிற நார்ப்பொருள். பச்சையாக இருக்கும்போது அந்த நார் கயிறு போலக் கெட்டி. ஈரத்தோடு சேர்ந்து நேரம் எடுத்து வெந்தால்தான் இளகி ஜெலட்டினாக மாறும். அப்படி இளகிய தோலிலிருந்து தண்ணீர் பெரும்பாலும் வெளியேறி, கொஞ்சமே கொஞ்சம் உள்ளே தங்கியிருக்கும் நிலையில் பெருஞ்சூடு பட வேண்டும். அந்தக் கொஞ்சத் தண்ணீர் சட்டென்று ஆவியாகும். ஆவியானால் 1,600 மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். இளகிய தோல் அதற்கு வழிவிட்டு உப்பும், உப்பிய நிலையிலேயே காய்ந்து விறைத்துவிடும். சோளம் பொரிகிற கதைதான்.

ஆக, தோல் இரண்டு விதமாகக் கெடும். தண்ணீர் அதிகம் நின்றுவிட்டால், அது தீரும்வரை தோலின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. நீ எவ்வளவு நேரம் வைத்தாலும் அது வேகுமே தவிரப் பொரியாது. உனக்கு நடந்தது இது. நார் இளகும் முன்பே அவசரப்பட்டு உலர்த்தி எரித்துவிட்டால் உப்பாது. பலகை மாதிரி இறுகி, கடித்தால் பல்லுக்கு வேலை வைக்கும். செருப்பும் வேண்டாம், பலகையும் வேண்டாம். நடுவில் ஒரு வழி இருக்கிறது. அதற்கு முந்தின நாளே வேலையைத் தொடங்க வேண்டும்.

"ஆக்கப் பொறுத்தவர்க்கு ஆறப் பொறுக்காதா" என்பார்கள். இதில் ஆக்குவதற்கு முன்பே ஒரு நாள் பொறுக்க வேண்டும்.

வயிற்றுப் பகுதியை ஒன்று அல்லது ஒன்றரை கிலோவுக்கு, தோலோடு, ஒரே துண்டாகக் கேட்டு வாங்கு. ஒரு முனை தடியாகவும் மறு முனை மெலிந்தும் இருக்கிற துண்டை எடுக்காதே. ஒன்று வேகும்போது மற்றது கருகும். முடி இருந்தால் புது ரேசரால் மழித்துவிடு. சிரிக்காதே, அதைவிடச் சுலபமான வழி கிடையாது. கழுவ வேண்டாம். பச்சைக் கறியைக் குழாயில் கழுவினால் கிருமி போகாது, சுற்றிலும்தான் தெறிக்கும். டிஷ்யூ பேப்பரால் அழுத்தி அழுத்தி ஒற்றி எடு, போதும்.

அடுத்து ஊசி. இதைத்தான் எல்லோரும் அரைகுறையாகச் செய்துவிட்டு ஓவனைத் திட்டுவார்கள். சாக்கு தைக்கிற கோணி ஊசி மாதிரி கெட்டியான ஒன்று வேண்டும். முள்கரண்டி வளையும், எங்கள் வீட்டில் இரண்டு முள்கரண்டிகள் அப்படித்தான் போயின. தோலை மட்டும் குத்த வேண்டும், நெருக்கமாக, நூற்றுக்கணக்கில். ஊசி தோலுக்குள் போகும்போது முதலில் ஓர் எதிர்ப்பு இருக்கும், அப்புறம் 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம், அதோடு கை இலேசாகிவிடும். அந்த இடத்தில் நிறுத்து. அது கொழுப்பின் தொடக்கம். அதையும் தாண்டிக் கறிவரை குத்திவிட்டால், வேகும்போது கறிச்சாறு அந்த ஓட்டை வழியாக மேலே ஏறிவரும். ஏறிய இடத்தில் தோல் ஊறிப்போய் அட்டை போல நிற்கும். பத்து நிமிடம் குத்தினால் உன் விரலுக்கே ஆழம் பிடிபட்டுவிடும். கத்தியால் கட்டம் கட்டமாகக் கீறுகிறவர்களும் உண்டு. அதுவும் வரும், ஆனால் கை கொஞ்சம் இறங்கினாலும் கறி வெட்டுப்படும். எனக்கு ஊசிதான் பிடிக்கும்.

துண்டைத் திருப்பிக் கறிப் பக்கத்தில் மசாலா போடு. கிலோவுக்குப் பத்துப் பன்னிரண்டு கிராம் உப்பு, அதாவது இரண்டு டீஸ்பூனை ஒட்டி. மிளகு, பூண்டு, உனக்குப் பிடித்த எதுவும். தேனோ சாஸோ போட்டே ஆக வேண்டும் என்றால் கறிப் பக்கத்தோடு நிறுத்திக்கொள். தோலில் ஒரு சொட்டு பட்டாலும் துடை. தோலுக்கு உப்பு மட்டும், மெல்லிசாக, எல்லா இடத்திலும் படும்படி.

அப்படியே ட்ரேயில், தோல் மேலே பார்க்க, மூடாமல் ஃப்ரிட்ஜில் வை. மூடாமல்! உன் அம்மா இதற்கு இன்றும் முகம் சுளிக்கிறாள், ஆனால் வேறு வழியில்லை. ஃப்ரிட்ஜின் காற்று வறண்டது. உப்பு இழுத்துவிடும் ஈரத்தை அதுதான் வாங்கிக்கொண்டு போகும். கீழ்த்தட்டில் வை, பச்சைக் கறியின் நீர் வேறு எதன் மேலும் சொட்டக் கூடாது. ஒரு மணி நேரத்தில் தோலின் மேல் வியர்த்த மாதிரி முத்து முத்தாக நீர் நிற்கும். ஒற்றி எடு. மறுநாள் விரலால் தொட்டுப் பார். காய்ந்த தோல் பை மாதிரி வழுக்காமல், கொஞ்சம் கண்ணாடித்தனமாக இருந்தால் தயார். 24 மணி நேரம் போதும், 48 என்றாலும் தப்பில்லை.

வினிகர் தடவு, சமையல் சோடா தேய், கொதிநீர் ஊற்று, கல்லுப்பை மலை போலக் கொட்டு என்று ஆளுக்கொரு வழி சொல்வார்கள். எல்லாவற்றையும் செய்து பார்த்திருக்கிறேன். சோடா கூடிப்போனால் சோப்பு வாடை அடிக்கும். கல்லுப்பு மூடாக்கு நன்றாகவே வேலை செய்கிறது, ஆனால் தோலும் ஓரக் கறியும் உப்புக் கரித்துப் போகிற ஆபத்து உண்டு. இவற்றில் எதைச் செய்தாலும் ஒரு நாள் காய வைப்பதைத் தவிர்க்க முடியாது. காய வைத்துவிட்டால் இவற்றில் எதுவும் பெரிதாகத் தேவைப்படாது.

இனி ஓவன். 150 டிகிரி, ஒன்றரைக் கிலோவுக்கு இரண்டு மணி நேரம். ஃபாயிலைப் படகு மாதிரி மடித்துப் பக்கவாட்டுக் கறியை மட்டும் அணைத்துவிடு, தோல் திறந்தே இருக்கட்டும். வைக்கும்முன் உட்கார்ந்து கண் மட்டத்தில் பார். தோல் சமமாக இருக்க வேண்டும். பள்ளமான இடத்துக்கு அடியில் ஃபாயிலைச் சுருட்டி முட்டுக்கொடு. மேடு கருகும்போது பள்ளம் பச்சையாக இருப்பதற்கு இந்தச் சோம்பேறித்தனம்தான் காரணம்.

முழுத் துண்டுக் கறி உள்ளே 63 டிகிரியைத் தொட்டு, மூன்று நிமிடம் ஓய்ந்தால் சாப்பிடப் பாதுகாப்பானதுதான். ஆனால் வயிற்றுக் கறி அந்தச் சூட்டில் இன்னும் முரண்டு பிடிக்கும். 85, 90 டிகிரிக்குப் போனால்தான் இளகும். தெர்மாமீட்டர் இல்லையென்றால் மெல்லிய கத்தியைப் பக்கவாட்டில் செருகிப் பார், தடையில்லாமல் இறங்க வேண்டும்.

இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் தோல் மங்கலாய், வெளிறிப்போய் இருக்கும். "அப்பா ஏமாற்றிவிட்டார்" என்று நினைப்பாய். நினைத்துக்கொள். துண்டை வெளியே எடுத்து, ட்ரேயில் தேங்கிய கொழுப்பை ஒரு பாத்திரத்தில் வடி. (சிங்க்கில் ஊற்றாதே, குழாயில் உறைந்து அடைத்துக்கொள்ளும். ஆறியதும் வடிகட்டி எடுத்து வை, உருளைக்கிழங்கு வறுக்க அதற்கு நிகரில்லை.) கொழுப்போடு அப்படியே சூட்டை ஏற்றினால் புகை மண்டிவிடும். எங்களுக்கு ஒருமுறை புகை அலாரம் அடித்து, உன் அம்மா துண்டை விசிறிக்கொண்டு நாற்காலி மேல் ஏறி நின்றாள். ஒருவேளை உள்ளே தீப்பிடித்தால் கதவைத் திறக்காதே, தண்ணீர் ஊற்றாதே. அணைத்துவிட்டு மூடியபடியே விடு.

இப்போது 230 டிகிரி, இருபதிலிருந்து முப்பது நிமிடம். இந்த நேரத்தில் போனை எடுக்காதே, ஓவன் விளக்கைப் போட்டுவிட்டு முன்னால் உட்கார். முதல் ஐந்து நிமிடம் ஒன்றும் நடக்காது. அப்புறம் ஏதோ ஒரு மூலையில் கடுகளவு ஒரு கொப்புளம் கிளம்பும். அதன் பக்கத்தில் இன்னொன்று. பிறகு தோலே உயிர் வந்தது போல அங்கங்கே நெளியும், பட் பட்டென்று வெடிக்கும், வழவழப்பாக இருந்த பரப்பு முழுக்கப் பொரிந்து வெளுத்து, அப்புறம் பொன்னிறமாகும். எனக்கு இந்த வயதிலும் இதைப் பார்க்க அலுக்கவில்லை. ஒரு பக்கம் முந்தினால் ட்ரேயைத் திருப்பு. கடைசியில் பிடிவாதமாக உப்பாமல் நிற்கும் இடத்துக்கு மேல்கிரில், அதாவது ஓவனின் மேல்பக்கச் சூட்டை மட்டும், போடலாம், ஆனால் ஒரு சாண் தள்ளி வை, கண்ணை எடுக்காதே. கொஞ்சம் கருகினால் கவலை வேண்டாம். பல் வைத்த கத்தியால் சுரண்டினால் கருப்பு மட்டும் தூளாகப் போய்விடும்.

தோல் பொரிந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்? கரண்டியின் பின்புறத்தால் தட்டு. காலிப் பெட்டியைத் தட்டுவது போல 'டொக் டொக்' என்று கேட்க வேண்டும். மொத்தென்று கேட்கிற இடம் இன்னும் செருப்புதான்.

எடுத்தபின் கால் மணி நேரம் விடு. இங்கேதான் நான் என் வாழ்நாளின் மிக நல்ல தோலை நாசம் செய்தேன். நீ சின்னப் பிள்ளை, உனக்கு நினைவிருக்காது. விருந்தாளிகள் வரத் தாமதம். சூடு குறையக் கூடாதே என்று ஃபாயிலால் இறுக்கி மூடி வைத்தேன். முக்கால் மணி கழித்து எல்லோர் முன்னாலும் பெருமையாகத் தூக்கினேன். ஃபாயிலின் உட்புறம் முழுக்க நீர்த்துளி தொங்கிக்கொண்டிருந்தது. தோல் நனைந்த அட்டைப் பெட்டி. யாரும் ஒன்றும் சொல்லவில்லை, தோலைத் தட்டு ஓரத்தில் ஒதுக்கிவிட்டுச் சாப்பிட்டார்கள். அதைவிடத் திட்டியிருக்கலாம். கறி ஆறினாலும் பரவாயில்லை, மூடாதே. குழம்பு, சாஸ் எதுவானாலும் தட்டில் அடியில் ஊற்று, தோலின் தலையில் ஊற்றாதே.

வெட்டும்போது தோலைக் கீழே வைத்துக் கவிழ்த்துக்கொள். கறியில் கத்தியைச் சுலபமாக இறக்கி, தோலை எட்டியதும் கையை மேலே வைத்து ஒரே அழுத்து. நேராக வைத்து வெட்டினால் தோல் நழுவும், கொழுப்பு பிதுங்கும்.

மிச்சம் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வை, மூன்று நான்கு நாள் தாங்கும். சூடு காட்ட மைக்ரோவேவ் கூடவே கூடாது. 200 டிகிரி ஓவனோ ஏர் ஃப்ரையரோ போதும், தோல் மறுபடி எழுந்துகொள்ளும். தினமும் சாப்பிடுகிற சாமான் இல்லை இது என்று உன் அம்மா எழுதச் சொல்கிறாள். எழுதிவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை ஊசி போடும்போது கூப்பிடு, ஆழம் சரிதானா என்று பார்க்கிறேன். மறுநாள் படம் அனுப்ப வேண்டாம். வெட்டப் போகும்போது போனைப் பலகைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கத்தியை இறக்கு. நாங்கள் இரண்டு பேரும் காதைத் தீட்டிக்கொண்டு இருப்போம்.

அன்புடன்,
அப்பா