பொதுக்குழுவில் வைக்கப்படும் செயலாளர் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே, வராதவர்களுக்காகவும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கும் நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நமது தட்டச்சர் – மெய்ப்பு நோக்குநர் சங்கத்தின் கடந்த ஆண்டு நடவடிக்கைகள் பின்வருமாறு. செயற்குழு மாதந்தோறும் கூட்டப்பட்டது. சில மாதம் கோரம் (குறைந்தபட்ச வருகை) இல்லாமல் தேநீரோடு கலைந்தது. தமிழ்99 விசைப்பலகைப் பயிற்சி ஒரு ஞாயிறு நடந்தது. பொங்கல் விழா வழக்கம்போல் சிறப்பாக நடந்தது. மறைந்த மூத்த உறுப்பினர்களுக்கு இரங்கல் தீர்மானம் நிறைவேற்றப்பட்டது.

இனி ஆண்டு மலர். மலர் மூன்று வாரம் தாமதமாக வந்தது உண்மை. பக்கம் அமைக்கும் பழைய மென்பொருளான பேஜ்மேக்கரை விட்டு, சீலேடெக் (XeLaTeX) என்ற வேறொன்றுக்கு மாறியிருக்கிறோம். “பேஜ்மேக்கரில் இருந்த வரைக்கும் ஒழுங்காக வந்தது” என்று வாட்ஸ்அப் குழுவில் எழுதியவர்களுக்கு அங்கே பதில் சொல்லவில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன்.

பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வெளிவந்தது 2001இல். எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடு அதற்குத் தெரியாது. பழைய எழுத்துருவில் அடித்த கட்டுரையை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வருவது தமிழ் அல்ல, ஆங்கில எழுத்துக் குப்பை. நம் உறுப்பினர்களிடம் விண்டோஸ், மேக், உபுண்டு லினக்ஸ் மூன்றும் இருக்கின்றன. இன்றைய பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைன் வாங்கலாம் என்றால் மாதச் சந்தா கட்ட வேண்டும். லினக்ஸில் அது ஓடாது. சங்கத்துக்கே சந்தா கட்டாதவர்களை வைத்துக்கொண்டு இன்னொருவருக்கு மாதச் சந்தா கட்டுவது எப்படி? ஆகவேதான் சீலேடெக். 2004இல் மேக்கில் தொடங்கி, பிறகு லினக்ஸுக்கும் விண்டோஸுக்கும் வந்த சீடெக் பொறியில் ஓடுவது, காசு இல்லை, கட்டுரை வெறும் எழுத்துக் கோப்பாகவே இருக்கும். ஒரே கோப்பு மூன்று இயங்குதளத்திலும் ஓடும் என்று சென்ற பொதுக்குழுவில் சொன்னேன். ஓடுகிறது. மூன்றிலும் ஒரே பிடிஎஃப் வரும் என்று நான் சொல்லவில்லை; நடவடிக்கைக் குறிப்பேட்டைப் பார்த்துக்கொள்ளலாம்.

முதல் சிக்கல் எழுத்துரு. விண்டோஸில் நிர்மலா இருக்கும், மேக்கில் தமிழ் சங்கம் இருக்கும், உபுண்டுவில் லோகித்தோ நோட்டோவோ இருக்கும். எழுத்துருவைப் பெயர் சொல்லி அழைத்தால் ஒரு கணினியில் கிடைப்பது அடுத்ததில் கிடைக்காது. நிர்மலாவை நகல் எடுத்து மற்றவருக்குக் கொடுக்க உரிமமும் இடம் தராது. அதனால் திறந்த உரிமத்தில் கிடைக்கும் நோட்டோ செரிஃப் தமிழின் சாதா, தடிப்பு ஆகிய இரண்டு கோப்புகளை மலரின் ஃபோல்டருக்குள்ளேயே ‘ஃபான்ட்ஸ்’ என்று ஓர் உள் ஃபோல்டரில் வைத்தோம். எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கும் ஃபான்ட்ஸ்பெக் கட்டளையில் எழுத்துருவின் பெயருக்குப் பதில் கோப்பின் பெயரையும் பாதையையும் கொடுத்தோம். பாதையில் முன்சாய்ந்த கோடுதான் போட வேண்டும். அது விண்டோஸிலும் செல்லும். ‘ஸ்கிரிப்ட்’ என்ற இடத்தில் தமிழ் என்று கொடுக்க மறந்தால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றுகொள்ளும். சீலேடெக்குக்குப் பதில் அதன் உறவான லுவாலேடெக்கில் ஓட்டுபவர்கள், எழுத்துகளைச் சேர்த்து அமைக்கும் ஹார்ஃப்பஸ் நிரலையும் கூடுதலாகக் கேட்க வேண்டும். இந்த மென்பொருள்கள் எல்லாம் சேர்ந்து வரும் டெக் லைவ் தொகுப்பில் அது 2020 பதிப்பிலிருந்துதான் உண்டு.

இரண்டாவது, கோப்புப் பெயர். ‘படம்1’ என்பதை ஆங்கிலத்தில் சிறிய எழுத்தில் கட்டுரைக்குள் எழுதிவிட்டு, படத்தைப் பெரிய எழுத்தில் சேமித்து அனுப்புகிறார்கள். விண்டோஸ் கண்டுகொள்ளாது, மேக்கும் பொதுவாகக் கண்டுகொள்ளாது. லினக்ஸ் “அப்படி ஒரு கோப்பே இல்லை” என்று நின்றுவிடும். இதைவிட மோசம் தமிழில் பெயர் வைப்பது. ‘கொ’வில் இருக்கும் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பு, கால் என இரண்டு குறியீடாகவும் எழுதலாம். மேக்கிலிருந்து ஜிப் செய்து வரும் பெயர்களில் அது இரண்டாகப் பிரிந்து வருவதுண்டு. திரையில் ஒரு வித்தியாசமும் தெரியாது. கணினிக்கு அது வேறு பெயர். ‘கொடிமரம்’ என்ற படத்துக்காக ஒரு முழு மாலை வீணானது. சுற்றறிக்கை இரண்டு முறை போனது: கோப்புப் பெயரில் ஆங்கிலச் சிறிய எழுத்து, எண், இடைக்கோடு தவிர வேறெதுவும் வேண்டாம், இடைவெளியும் வேண்டாம். சுற்றறிக்கைக்கு வந்த பதில்: கட்டைவிரல் படம்.

மூன்றாவதாகச் சொல்லப்போவதுதான் பெரும்பகுதி நாளைத் தின்றது. யூனிகோடில் அனுப்புங்கள் என்று கேட்டும் பல கட்டுரைகள் பாமினி என்ற பழைய எழுத்துருவில் வந்தன. பாமினியில் ஔகாரக் குறிக்குத் தனி விசை கிடையாது, கொம்பும் ளகரமும்தான். யூனிகோடுக்கு மாற்றித்தரும் நிரலான மாற்றிக்கு அது ஔகாரமா ளகரமா என்று தெரிய வழியில்லை. ஒரு மாற்றி ‘கௌரவ’த்தைக் ‘கெளரவம்’ ஆக்கும். இன்னொன்று ‘வெளியீ’ட்டைப் பிடித்து ‘வௌியீடு’ ஆக்கும். முதலாவது கண்ணுக்குச் சரியாகத் தெரியும், தேடினால் கிடைக்காது. இரண்டாவது அச்சில் புள்ளி வட்டத்தோடு பல்லை இளிக்கும். இவற்றை ஒவ்வொன்றாகத் தேடித் திருத்தியவர்கள் மூன்று பேர். மெய்ப்பு நோக்குநர் சங்கத்தில் மூன்று பேர்!

கடைசியாக, பக்கம். விண்டோஸில் 96 பக்கம் வந்த மலர் உபுண்டுவில் 98 ஆனது. 16 பக்கம் சேர்த்து அச்சிடும் ஃபாரத்தில் 96 என்றால் ஆறு ஃபாரம். 98 என்றால் ஏழாவது ஃபாரத்துக்குத் தாள் வாங்க வேண்டும். உபுண்டுவில் டெக் லைவைப் பகுதி பகுதியாக நிறுவியிருந்ததால் தமிழ்ச் சொற்களை வரிக்கடைசியில் உடைக்கும் விதித் தொகுப்பு வரவில்லை. இதற்குப் பிழை என்று நிற்காது, ஓட்டத்தைப் பதிவு செய்யும் லாக் கோப்பில் ஒரு வரி எச்சரிக்கை மட்டும் வரும். நீண்ட தமிழ்ச் சொல் உடையாவிட்டால் ஒரு வரியில் ஓட்டை விழும், அடுத்தது ஓரத்தைத் தாண்டும், பக்கம் கூடும். முழுத் தொகுப்பையும், ஏழு ஜிபிக்கு மேல், நிறுவியபின் சரியானது. வரிக்கடைசியில் கோடு வேண்டாம் என்று இன்னொரு கோரிக்கை வந்தது. நம் புத்தக வழக்கப்படி அது நியாயம்தான். ஆனால் கோட்டுக்கான இடத்தில் ‘எதுவும் இல்லை’ என்று கொடுத்தால் சொல் உடைவதே நின்றுபோகும். அகலமில்லாத எழுத்து ஒன்றைக் கொடுக்க வேண்டும். எல்லோரும் எங்கு வேண்டுமானாலும் ஓட்டிப் பார்க்கலாம், அச்சகத்துக்குப் போகும் பிடிஎஃப் ஒரே கணினியிலிருந்துதான் என்று செயற்குழு முடிவெடுத்தது. அந்தக் கணினி இப்போது செயலாளர் வீட்டில் இருப்பதற்கும் அதுவே காரணம்; வேறு பொருள் கொள்ள வேண்டாம்.

ஆசிரியர் அகரவரிசை கையால் செய்யப்பட்டது. லேடெக்கோடு வரும் வரிசைப்படுத்தி யூனிகோடு எண்படி அடுக்கும். சகரத்துக்கும் ஞகரத்துக்கும் நடுவில் ஜகரம் வந்து உட்காரும், நகரத்தை ஒட்டி னகரம் நிற்கும். விவரம் வேண்டுவோர் தனியே கேட்கலாம்.

இவற்றையெல்லாம் விளக்கவே நான்கு சனிக்கிழமை பயிற்சி வைக்கப்பட்டது. முதல் வாரம் கூடம் நிறைந்தது. நான்காம் வாரம் வந்தவர்களுக்கு ஒரு ஃபிளாஸ்க் காபி போதுமானதாக இருந்தது. மலர் பற்றி அதிகம் எழுதியவர்கள் நான்கு வாரமும் வரவில்லை என்பதை வருகைப் பதிவேடு சொல்கிறது. பெயர் சொல்வது முறையல்ல.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சுருக்கமாக: விளம்பர வருவாய் அச்சுக்கூலியை ஏறக்குறைய ஈடுகட்டியது, தபால், தேநீர், இதர செலவுகள் கட்டுக்குள் இருந்தன, கையிருப்பு சொல்லிக்கொள்ளும்படி இல்லை. சந்தா நிலுவைப் பட்டியல் வாசலில் ஒட்டப்பட்டிருக்கிறது. அதில் இரண்டாண்டு நிலுவை உள்ளவர்களும் மலரில் கட்டுரை வந்தவர்களும் பெரும்பாலும் ஒருவரேதான்.

கூடம் கொடுத்து உதவியவர்களுக்கும், விளம்பரம் தந்த கடைக்காரர்களுக்கும், பொறுமை காத்த அச்சகத்தாருக்கும், ‘வௌி’யை வேட்டையாடிய மூவருக்கும் நன்றி. தலைவர் அவர்கள் அளித்த ஆலோசனைகளுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு மலருக்கான வார்ப்புருக் கோப்பு, இரண்டு எழுத்துருக்கள், எந்த ஆண்டு டெக் லைவில் ஓட்டப்பட்டது என்ற குறிப்பு எல்லாம் ஒரு பென்டிரைவில் இருக்கின்றன. கட்டுரைகளை யூனிகோடு எழுத்துக் கோப்பாக அனுப்பவும். வேர்டில் அடித்தே பழகியவர்கள் அப்படியே அடித்து, சேமிக்கும்போது யூடிஎஃப்-8 எழுத்துக் கோப்பாகச் சேமித்தால் போதும். மலர்க் கணினியின் வன்தட்டு சத்தம் போடத் தொடங்கியிருக்கிறது. நிலுவையில் பாதி வந்தாலே புதிய எஸ்எஸ்டி ஒன்று வாங்கிவிடலாம். செயலாளர் பொறுப்பை விட்டுத்தர எனக்குத் தடையேதும் இல்லை. ஏற்க விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் பென்டிரைவைப் பெற்றுக்கொள்ளலாம். பொருளாளரின் மேசை அதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது, ரசீதுப் புத்தகமும் அங்கேயே இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்