நீட்டிப்பு வாரன்டி வாங்கினால் நிம்மதியா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய கார் வாங்குவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வண்டியை எப்படிப் பார்த்து வாங்குவது என்று எழுதியவர் நன்றாகவே சொல்லியிருந்தார். ஆனால் கடைசிப் பத்தியில், நீட்டிப்பு வாரன்டியையும் சேர்த்து வாங்கிவிட்டால் நிம்மதி என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். எனக்கு அந்த ஒரு வரியோடுதான் வழக்கு. நான் ஒர்க்‌ஷாப் நடத்துகிறவன். அந்தக் காகிதத்தோடு வந்து நிற்கும் வண்டிகளைப் பல வருடங்களாகப் பார்த்து வருகிறேன்.

புது வண்டிக்குக் கம்பெனி தரும் வாரன்டி, தயாரித்தவர் தன் பொருளுக்கு ஏற்கும் பொறுப்பு. பழைய வண்டியோடு விற்கப்படும் நீட்டிப்பு வாரன்டி பெரும்பாலும் அப்படியில்லை. வண்டியைச் செய்யாத, விற்காத மூன்றாவது நிறுவனம் ஒன்று, பணம் வாங்கிக்கொண்டு, பழுது வந்தால் செலவை ஏற்பதாகப் போடும் ஒப்பந்தம் அது. பழைய கார் சந்தையில் விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாது என்பதை வைத்துப் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970இல் ஒரு கட்டுரை எழுதினார். 2001இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். உத்தரவாதம் தருவது இந்தச் சிக்கலைக் குறைக்கும் என்று அவரும் சொல்கிறார். சரிதான். ஆனால் விற்பவர் தன் கைக்காசைப் பணயம் வைத்துத் தரும்போதுதான் அது பொருந்தும். தனி விலை போட்டு நம் தலையில் கட்டும் வாரன்டி, வண்டி நல்லதா கெட்டதா என்று எதுவும் சொல்வதில்லை. விற்றவருக்குக் கமிஷன் உண்டு என்று வேண்டுமானால் சொல்லும்.

எங்களிடம் வந்த ஓர் ஆட்டோமேட்டிக் வண்டியைச் சொல்கிறேன். இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்கு மாறும்போது உதறல். கழற்றிப் பார்த்தால்தான் காரணம் தெரியும். கழற்ற வாரன்டி நிறுவனத்தின் அனுமதி வேண்டும். அனுமதி வந்தது; பழுது ஒப்பந்தத்துக்குள் வராவிட்டால் பிரித்து மாட்டும் கூலி உரிமையாளருடையது என்று எழுதி வாங்கிக்கொண்ட பிறகு. கியர்பாக்ஸ் மேஜையில் பிரிந்து கிடக்கிறது, தட்டில் எண்ணெய் கறுத்துக் கிடக்கிறது, நிறுவனத்து ஆய்வாளர் வந்து போட்டோ எடுக்கிறார். உள்ளே கிளட்ச் தட்டுகள் கருகியிருந்தன. “இது தேய்மானம் சார்” என்றார். அப்புறம், கியர் எண்ணெய் கடைசியாக எப்போது மாற்றியது, பில் இருக்கிறதா என்று கேட்டார். முந்தைய உரிமையாளர் காலத்து பில்லுக்கு இவர் எங்கே போவார்? ஒரு பைசா வரவில்லை. அந்த ஆய்வாளரைக் குறை சொல்ல மாட்டேன்; காகிதத்தில் உள்ளபடிதான் செய்தார். காகிதம் அப்படி எழுதப்பட்டிருக்கிறது.

பழைய வண்டியில் அடிக்கடி செலவு வைப்பவை பிரேக் பேட், கிளட்ச், பேட்டரி, டயர், சஸ்பென்ஷனில் அதிர்வைத் தாங்கும் ரப்பர் புஷ்கள். இவற்றில் பெரும்பகுதி தேய்மானம் என்ற பெயரில் வெளியே போய்விடும். இன்ஜின் வால்வுகளை நேரம் தவறாமல் இயக்கும் டைமிங் பெல்ட் அறுந்து வால்வு வளைந்தால், அது இன்ஜின் வேலை; ஒப்பந்தத்துக்குள் வர வேண்டியதுதான். ஆனால் பெல்ட்டை உரிய கிலோமீட்டரில் மாற்றவில்லை என்றால் பராமரிப்புக் குறை என்று கைகழுவலாம். ஏற்கெனவே இருந்த பழுது சேராது. தொடக்கத்தில் சில வாரங்களுக்கு எதையும் கோர முடியாத ஒப்பந்தங்களும் உண்டு. ஒரு கோரிக்கைக்கு இவ்வளவுதான் என்ற உச்சவரம்பு வேறு. எவை சேரும் என்று பட்டியல் போடும் ஒப்பந்தத்தைவிட, எவை சேராது என்று மட்டும் பட்டியல் போட்டு மற்றதையெல்லாம் ஏற்கும் ஒப்பந்தம் மேல். விலையும் அதற்கேற்ப இருக்கும்.

இன்னொன்று, வண்டியில் கம்பெனி வாரன்டி பாக்கி இருக்கிறதா என்று பலரும் பார்ப்பதே இல்லை. பாக்கி இருந்தால், நீட்டிப்பு இன்றிலிருந்து ஓடுகிறதா, அது முடிந்த பிறகு தொடங்குகிறதா என்று கேட்க வேண்டும். இன்றிலிருந்து என்றால் ஒரே காலத்துக்கு இரண்டு முறை பணம் கட்டுகிறீர்கள். ஹைப்ரிட் வண்டியின் பெரிய பேட்டரிக்குப் பல கம்பெனிகள் 8 வருடம் வரை தனி வாரன்டி தருகின்றன; அது அடுத்த உரிமையாளருக்கு மாறுமா என்பதையும் கேட்டுக்கொள்ளலாம்.

அப்படியானால் வாங்கவே கூடாதா? அப்படிச் சொல்லவில்லை. டர்போ, ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், எங்கு பார்த்தாலும் எலக்ட்ரானிக் பெட்டி என்று இருக்கும் வண்டி. சர்வீஸ் பில்கள் முழுசாக இருக்கின்றன. வாங்குபவருக்குத் திடீரென்று பெரிய தொகை புரட்ட வழியில்லை. இப்படிப்பட்டவருக்குத் தயாரித்த கம்பெனியே தரும் நீட்டிப்பு கிடைத்தால் நானே வாங்கச் சொல்வேன். மேனுவல் கியரில் ஓடும் எளிய பெட்ரோல் வண்டிக்கு அந்தப் பணத்தைத் தனிக் கணக்கில் போட்டு வைப்பது மேல். பழுது வந்தால் எடுக்கலாம், வராவிட்டால் நம் பணம் நம்மிடம். முக்கியமாக, வாங்குவதற்கு முன் தெரிந்த மெக்கானிக் ஒருவரை விட்டு வண்டியைத் தூக்கிப் பார்த்து, வண்டியின் கணினியில் பதிவான பழுதுகளை ஸ்கேனர் போட்டுப் படிக்கச் செய்யுங்கள். அதற்கு ஆகும் செலவு வாரன்டியோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை.

எங்கே தவறிவிடுகிறது என்றால், கையெழுத்துப் போடும் மேஜையில். கடன் தாள்களோடு வாரன்டி தாளும் ஒன்றாக வருகிறது. “மாதத்துக்குக் கொஞ்சம்தான் கூடும்” என்கிறார்கள். அந்தக் கொஞ்சத்துக்கும் கடன் முடியும்வரை வட்டி ஓடும். ஒப்பந்த நகலை வீட்டுக்குக் கொடுத்துவிடச் சொல்லுங்கள். தர மறுத்தால் யோசிக்கவே வேண்டாம்.

கட்டுரையின் அடுத்த பகுதி வருவதாக இருந்தால், ஏதாவது ஒரு வாரன்டி ஒப்பந்தத்தின் ‘சேராதவை’ பகுதியை முழுவதும் அச்சிட்டு, வரிவரியாக விளக்கச் சொல்லி எழுதியவரைக் கேட்டுக்கொள்கிறேன். இரண்டு பக்கம் பிடிக்கும். பரவாயில்லை, விளம்பரத்தைக் கொஞ்சம் நகர்த்திக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஒர்க்‌ஷாப் நடத்தும் வாசகர் ஒருவர்