கழற்றிய பேரிங்கை வெட்டிப் பாருங்கள்: வேலூர் உதிரிபாக வணிகர்களுக்கும் பணிமனையாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வேலூர், காட்பாடி, குடியாத்தம் வட்டாரத்தில் கார் உதிரிபாகம் விற்பவர்களுக்கும் அவற்றைப் பொருத்தித் தருபவர்களுக்கும் வணக்கம்.

காட்பாடி ரயில் நிலையத்தில் பதினோரு ஆண்டுகளாக வாடகைக் கார் ஓட்டுகிறேன். சொந்த வண்டி. என்னிடம் ஏறுபவர்களில் பாதிப் பேர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வருபவர்கள். வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ஒன்றரை நாள் ரயிலில் உட்கார்ந்து வந்து, பெட்டியும் மருத்துவக் கோப்புமாக இறங்குகிறவர்கள். அவர்களை ஏற்றிக்கொண்டு போகும் வண்டியின் சக்கரத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

பேரிங் என்பது இரண்டு வளையங்களுக்கு நடுவே குண்டுகள் உருண்டு, சக்கரத்தைத் தடையின்றிச் சுழலவிடும் பாகம். தொழிற்சாலையிலிருந்தே வந்த முன் இடது சக்கர பேரிங் 1,30,000 கிலோமீட்டர் உழைத்தது. அதற்குப் பதிலாக இங்கே வாங்கிப் போட்டது 9,000 கிலோமீட்டரில் ஊளையிட ஆரம்பித்தது. அடுத்தது 14,000. அதற்கடுத்தது 6,000 தாண்டவில்லை. பதினாறு மாதத்தில் ஒரே சக்கரத்துக்கு மூன்று பேரிங்.

மூன்றாவது போனது ஏலகிரி மலையில். சிகிச்சை முடிந்து ஊர் திரும்புமுன் மலையை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்ட ஓர் அம்மாவையும் அவர் மகனையும் அழைத்துப் போனேன். பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். வலப்பக்கம் திரும்பும்போதெல்லாம் பாரம் இடப்பக்கச் சக்கரத்தில் இறங்கும். உடனே சத்தம் ஏறும். இடப்பக்கம் திருப்பினால் தணியும். எந்தச் சக்கரம் என்று எனக்கு அங்கேயே தெரிந்துவிட்டது. மேலே போய் நிறுத்தி, சக்கரத்தைத் தூக்கி, சுருள் கம்பியில் ஒரு கையை வைத்து மறு கையால் சுழற்றினேன். அரிசியில் கல் கிடந்தால் பல்லில் தட்டுமே, அப்படி விரலில் தட்டியது. அந்த அம்மாவிடம் உண்மையைச் சொல்லி, இன்னொரு வண்டி பிடித்து ஏற்றி அனுப்பினேன். பேரிங் முற்றிலும் சிதைந்தால் சக்கரம் ஆடும், சக்கரம் பூட்டியிருக்கும் நடுப்பாகமான ஹப் இறுகிப் பிடித்துக்கொள்ளவும் கூடும். மலை இறக்கத்தில் அதற்கு அவர்களை உட்படுத்த எனக்கு மனம் வரவில்லை.

இனி உங்களிடம் வருகிறேன். கடைக்குப் போனால் “பொருத்தியதில் தவறு” என்கிறார்கள். பணிமனைக்குப் போனால் “பொருள் மட்டம்” என்கிறார்கள். இரண்டு பேரும் சேர்ந்து சாலையையும் நான் ஏற்றும் பாரத்தையும் சொல்கிறார்கள். பாரத்துக்குப் பங்கு உண்டு, மறுக்கவில்லை. குண்டு வைத்த பால் பேரிங்கில் பாரம் இரட்டித்தால் ஆயுள் எட்டில் ஒன்றாகும் என்பது பொறியியல் கணக்கு. நல்ல தயாரிப்பிலும் நூற்றுக்குப் பத்து, கணக்கிட்ட ஆயுளுக்கு முன்பே தேயலாம் என்றும் அந்தக் கணக்கே சொல்கிறது. ஒன்று போயிருந்தால் என் நேரம் என்று விட்டிருப்பேன். ஆனால் தொழிற்சாலை பேரிங் 1,30,000 கிலோமீட்டர் ஓடியதும் இதே பள்ளிகொண்டா சாலையில்தான், இதே பாரத்தோடுதான்.

பழையவை மூன்றையும் நான் எறியவில்லை. லேத் பட்டறை வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் எடுத்துப் போய், கிரைண்டரில் வெளிவளையத்தை அறுக்கச் சொன்னேன். “இதைக் கேட்டு யாரும் வந்ததில்லை தம்பி” என்றபடியே அறுத்தார்.

முதலாவதில், தண்ணீரும் தூசியும் புகாமல் காக்கும் சீல் ஓரம் முழுக்கத் துரு. தண்ணீர் புகுந்து கிரீஸ் பழுப்புச் சேறாகக் கிடந்தது. மூன்றாவது போலி. பெட்டியில் பேர்பெற்ற பெயர், வளையத்தில் பொறித்திருந்த பெயரில் ஓர் எழுத்து குறைவு. வாங்கும்போதே நான் பார்த்திருக்க வேண்டும்.

இரண்டாவதுதான் என்னை உலுக்கியது. குண்டு ஓடும் பாதையில் சின்னச் சின்னக் குழிகள். ஒவ்வொன்றுக்கும் இடையே ஒரே தூரம். குண்டுகளுக்கு இடையிலான அதே தூரம். பெரியவர் நகத்தால் தடவிக் காட்டினார். ஓடித் தேய்ந்தால் இப்படி வராது. பேரிங்கைத் தாங்கும் இரும்புக் கூடான நக்கிளில் ஏற்றும்போது வெளிவளையத்தில் அழுத்தாமல் உள்வளையத்தில் அழுத்தியிருக்கிறார்கள், அல்லது சுத்தியலால் தட்டியிருக்கிறார்கள். அந்த விசை முழுவதும் குண்டுகள் வழியாகப் போய்ப் பாதையைக் குத்திவிட்டது. அந்த பேரிங் வண்டியில் ஏறிய அன்றே செத்துவிட்டது. அதற்காக நான் சண்டை போட்டது கடைக்காரரிடம். பொருத்தியதோ பத்து ஆண்டுகளாக நான் நம்பிப் போகும் பணிமனை. அந்தக் கடைக்காரரிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன், இங்கேயும் கேட்கிறேன்.

யார் தவறு என்பதை அந்த இரும்பே எழுதி வைத்திருக்கிறது. நீங்கள் அதை வாடிக்கையாளர் கண்ணில் படாமல் பழைய இரும்புக் கூடையில் போட்டுவிடுகிறீர்கள். என் முதல் கோரிக்கை அதுதான்: குறைந்த தூரத்தில் போன ஒவ்வொரு பேரிங்கையும் வண்டிக்காரர் முன்னிலையில் அறுத்துக் காட்டுங்கள். பத்து நிமிட வேலை. கடைக்கும் பணிமனைக்கும் நடுவில் எங்களைப் பந்தாட வேண்டியிருக்காது.

பணிமனையாளர்களே, பேரிங்கை நக்கிளில் ஏற்றும்போது விசை வெளிவளையத்தில், ஹப்பை பேரிங்குக்குள் இறக்கும்போது தாங்கல் உள்வளையத்தில் என்பதைப் புதிதாக வேலைக்குச் சேரும் பையனுக்கும் சொல்லிக் கொடுங்கள். ஆக்சில் நட்டைக் கைக்கணக்கில் முறுக்காமல் குறித்த அளவு விசையில் முறுக்கும் டார்க் ரெஞ்சு வைத்து முறுக்குங்கள். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். உள்ள வண்டிகளில், பேரிங்கில் காந்த வளையம் இருக்கும் பக்கம் சக்கர வேகத்தை அளக்கும் சென்சாரை நோக்கியே இருக்க வேண்டும். திருப்பிப் போட்டுவிட்டு “எச்சரிக்கை விளக்குதானே எரிகிறது, ஓட்டுங்கள்” என்று அனுப்பாதீர்கள்.

வணிகர்களே, மூன்று பேரிங்கில் ஒன்றுக்குத்தான் எனக்கு பில் கிடைத்தது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராததே முறையற்ற வணிகம். தயாரித்தவர் யாரென்று தெரியாத பொருளை விற்றால், அதனால் வரும் பாதிப்புக்கு விற்றவரைப் பொறுப்பாக்கவும் அதே சட்டம் வழி வைத்திருக்கிறது. பெட்டியில் முகவரி இல்லாத சரக்கை உங்களிடம் தள்ளிவிடும் மொத்த வியாபாரி அன்று உங்களுக்குப் பக்கத்தில் நிற்கமாட்டார். விலை குறைந்த பொருள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்களில் பலருக்கு அதுதான் முடியும். மட்டமானதை மட்டமானது என்று சொல்லி, அதன் விலைக்கே கொடுங்கள். பில்லில் பேரிங் எண்ணையும் எழுதுங்கள்.

அறுத்த மூன்றும் ஒரு மஞ்சள் பையில் என் வண்டியின் டிக்கியில் இருக்கின்றன. உங்கள் சங்கக் கூட்டத்துக்கு ஒரு நாள் குறித்துச் சொல்லுங்கள். கொண்டுவந்து மேசையில் வைக்கிறேன். கூடவே அந்தப் பெரியவரையும் அழைத்து வருகிறேன், அவர் சம்மதித்துவிட்டார்.

இப்படிக்கு,
காட்பாடி வாடகைக் கார் ஓட்டுநர் ஒருவர்